சின்னத் திருத்தம்

வரலாறு பொய் சொல்லாது என்கிறான் குற்றாலநாதன். அதை மைக்கில் வேறு சொல்கிறான். முன்வரிசைப் பையன்கள் தலையாட்டுகிறார்கள். ஒருவன் அதைப் போனில் குறித்துக்கொள்கிறான், நாளைக்கு எங்காவது ஸ்டேட்டஸ் போடுவான் போலிருக்கிறது. பாளையங்கோட்டையில் டாலி என்கிற கணக்கு மென்பொருளைச் சொல்லித்தரும் சென்டரின் மாடி ஹால் இது. இரண்டாம் சனிக்கிழமை தோறும் மதியம் எங்கள் ஊர்ப் புரோகிராமர்கள் இங்கே கூடுவார்கள், யாராவது ஒருவர் பேசுவார், மற்றவர்கள் கேட்பார்கள், பிறகு மசால்வடையும் டீயும். இன்றைக்கு வெப்சைட் கட்டுவது எப்படி, எழுதிய கோடின் மாற்றங்களை ஒன்றுவிடாமல் காத்துவைப்பது எப்படி என்று பேச்சு. ஜன்னல்களில் கறுப்புத் துணி கட்டியிருக்கிறார்கள். திரை தெரியவேண்டுமாம். மனுஷன் மூச்சுவிட வேண்டாமா. ஃபேன் சுற்றுகிறது, சத்தம்தான் வருகிறது, காற்று வரக்காணோம். நான் சுவரோரமாக உட்கார்ந்திருக்கிறேன், மடியில் பொன்னாடையோடு. பொன்னாடை எனக்கில்லை, அவனுக்கு. கூட்டத்தை நடத்துகிற பெலிக்ஸ் என்னை வாசலிலேயே பிடித்துக்கொண்டான். "செல்விக்கா, நல்லவேளை வந்தீங்க. கடைசில நாதனுக்குப் பொன்னாடை நீங்கதான் போத்தணும். லேடீஸ் போத்துனா போட்டோ நல்லா இருக்கும்லா." ஆவுடைச்செல்வி, வயது நாற்பத்தொன்று, சென்னையில் பெரிய கம்பெனியில் கோடு எழுதியவள், இப்போதும் ஊரில் அரிசி ஆலைக்கும் ஜவுளிக்கடைக்கும் பில்லிங் மென்பொருள் எழுதிக்கொடுப்பவள், அவளுக்கு இந்தக் கூட்டத்தில் கிடைத்த வேலை போட்டோவில் நன்றாக இருப்பது. சரி தம்பி என்று வாங்கிக்கொண்டேன். ஏன் வாங்கினேன் என்று அப்போதிருந்து என்னையே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

திரையில் அவன் காட்டப்போகிற சைட் நான் எழுதியது. நான் என்றால் நான்தான், இதில் பூசி மெழுக ஒன்றுமில்லை. ரத்தம் தேவைப்படுகிறவர்களும் கொடுக்க இருப்பவர்களும் ஒருவரை ஒருவர் கண்டுபிடிக்க ஒரு சைட், பெயர் 'ஒரு யூனிட்'. அந்தப் பெயரும் நான் வைத்ததுதான். நாதன் அப்போது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வண்ணம் எது, பட்டன் வட்டமா சதுரமா என்று சொல்லிக்கொண்டிருந்தான். சொன்னதை நல்லபடியாகத்தான் சொன்னான், அதையும் இல்லை என்று சொல்லமாட்டேன். அப்பாவின் ஆபரேஷனுக்காக மதுரைக்கும் ஊருக்குமாக அலைந்ததில் கொஞ்ச காலம் நான் சைட் பக்கமே போகவில்லை. திரும்பி வந்து திறந்தால் உங்களுக்கு அனுமதி இல்லை என்கிறது. என் வீட்டுக் கதவு எனக்கே திறக்கமாட்டேன் என்கிறது. நாதனைக் கேட்டால், "இன்ஆக்டிவ் மெம்பர்ஸ எல்லாம் எடுத்துட்டேங்க்கா, செக்யூரிட்டிக்காக. நியூ வெர்ஷன் லாஞ்ச் முடிஞ்சதும் சேத்துருதேன்" என்றான். பிறகு போஸ்டர் வந்தது. 'உருவாக்கியவர்: குற்றாலநாதன்.' அவன் போட்டோ, கையைக் கட்டிக்கொண்டு, பின்னால் நீல வெளிச்சம். அந்தப் போஸ்டரைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் நான் இன்று வந்தது அதற்காக இல்லை. அதற்காக இல்லை என்று பஸ்ஸில் வரும்போது சொல்லிக்கொண்டேன், படியேறும்போது சொல்லிக்கொண்டேன், இப்போதும் சொல்லிக்கொள்கிறேன். நான் வந்தது ஒரே ஒரு வரிக்காக. கொடையாளர் பெண் என்றால் அவள் போன் நம்பரைக் காட்டாதே என்று ஒரு வரி. அது புதுசில் இருக்கிறதா இல்லையா, அவ்வளவுதான் எனக்குத் தெரியவேண்டும். நான்கு நாளாக வாட்ஸப்பில் கேட்கிறேன். 'நாதன், பெண்கள் நம்பரை மறைக்கிற அந்த வரி இருக்கிறதா?' பதிலுக்கு ஒரு கட்டைவிரல் அனுப்பினான். அது இருக்கிறது என்கிற கட்டைவிரலா, பார்த்தேன் என்கிற கட்டைவிரலா, சும்மா இரு என்கிற கட்டைவிரலா. மறுபடி கேட்டேன். மறுபடியும் கட்டைவிரல். ஒரு கேள்விக்கு ஆம் இல்லை சொல்ல முடியாதவன் இங்கே ஒன்றரை மணி நேரம் பேசுகிறான்.

இப்போது கிட் என்றால் என்ன என்று விளக்குகிறான். கோடில் ஒரு எழுத்தை மாற்றினாலும் யார் மாற்றியது, எப்போது மாற்றியது, எதற்காக மாற்றியது என்று ஒரு குறிப்பும் சேர்த்துப் பூட்டிவைக்கிற ஏற்பாடு, அப்படிப் பூட்டிவைக்கிற ஒவ்வொன்றும் ஒரு கமிட். "பரோட்டாவுக்கு மாவு பெசைஞ்சாச்சுன்னா திரும்ப மாவும் தண்ணியுமாப் பிரிக்க முடியுமா? இதுல முடியும்" என்கிறான். சிரிக்கிறார்கள். நானும் சிரித்துவிட்டேன், அது வேறு கோபமாக இருக்கிறது. நன்றாகப் பேசுகிறான் படுபாவி. குறிப்பு எழுதுவது முக்கியம் என்கிறான். எவன் எழுதுகிறான். அவனவன் 'ஃபைனல்' என்று எழுதுவான், அடுத்த நாள் 'ஃபைனல் டூ', ஒருவன் வெறும் புள்ளி வைத்துவிட்டுப் போவான். நான் எழுதுவேன். சென்னையில் என்னைக் கிண்டலே செய்தார்கள், செல்வி கமிட் போடவில்லை, கடுதாசி போடுகிறாள் என்று. போடத்தான் செய்வேன். கோடைப் பார்த்தால் என்ன செய்கிறது என்று தெரியும், ஏன் செய்கிறது என்று தெரியாது. ஏன் என்பது எழுதுகிறவள் தலையில் இருக்கிறது, தலை நாளைக்கு மதுரை ஆஸ்பத்திரியில் இருக்கும், அப்போது யாரிடம் போய்க் கேட்பார்கள். ஆனால் படிக்கிறவன் இருந்தால்தானே எழுதியதற்கு மரியாதை. ஹாலில் புழுக்கம் தாங்கவில்லை. பொன்னாடை பிளாஸ்டிக் உறையில் இருக்கிறது, உள்ளங்கை வியர்வை அதில் ஒட்டிப் பிசுபிசுக்கிறது. பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், கல்லூரிப் பெண், இந்த ஹாலில் என்னைத் தவிர இருக்கிற ஒரே பெண். அவள் என்னைப் பார்த்து, "நீங்க நாதன் சாரோட வைஃபா?" என்று கேட்டாள், வந்ததும். பொன்னாடையைப் பார்த்துக் கேட்டிருப்பாள். அவள்மேல் தப்பில்லை. இல்லைம்மா என்றேன். யாரு என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்த வரி முதலில் கிடையாது. முதலில் எல்லார் நம்பரும் எல்லாருக்கும் தெரிந்தது. ரத்தம் அவசரம், தடை எதற்கு என்று நினைத்தோம், நல்லெண்ணம்தான், நல்லெண்ணத்துக்கு என்ன குறைச்சல். தச்சநல்லூரில் அங்கன்வாடி டீச்சர் ஜான்சிராணி. ஏ நெகட்டிவ். கிடைக்காத ரத்தம், பட்டியலில் அவள் பெயர்தான் முதலில் நிற்கும். இரண்டு தடவை கொடுத்தாள், ஒரு பிரசவத்துக்கு, ஒரு விபத்துக்கு. பிறகு போன் வர ஆரம்பித்தது. ரத்தத்துக்கு இல்லை. தனியா இருக்கியா என்று ஒருவன். போட்டோ அனுப்பு என்று ஒருவன். பேசாமல் மூச்சு மட்டும் விடுகிறவன் ஒருவன். எடுத்தால் தொல்லை, எடுக்காவிட்டால் ஒருவேளை நிஜமாகவே யாருக்காவது உயிர் போகிற அவசரமாக இருக்குமோ என்று பயம், எடுத்தாள். அவள் வீட்டுக்காரர் மோசமான மனுஷன் என்று சொல்லமுடியாது, ஆனால் பெண்டாட்டி போன் ராத்திரி பகலாக அடித்தால் எந்த மனுஷனுக்குப் பொறுக்கும். யாரு இத்தனை பேரு உன்னைக் கூப்பிடுதாங்க என்று கேட்டிருக்கிறார். சொன்னாள். நம்பவில்லை. போனைச் சுவரில் எறிந்தார். எனக்கு இது எதுவும் தெரியாது. ஏ நெகட்டிவ் தேவைப்பட்ட ஒரு நாள் நம்பர் போகவில்லை என்று நேரே அங்கன்வாடிக்குப் போனேன். பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தன. அவள் சத்தமில்லாமல் அழுதாள், பிள்ளைகள் எழுந்துவிடும் என்று. "ரத்தம் குடுக்கத்தானக்கா பேரு குடுத்தேன்" என்றாள். அந்த ஒரு வார்த்தைதான். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்று சாயங்காலமே அந்த வரியை எழுதினேன். பெண் என்றால் நம்பர் வராது, 'குழு மூலம் தொடர்பு' என்று வரும், அழுத்தினால் தகவல் என் போனுக்கு வரும், நான் அவளைக் கேட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்காரர்களைச் சேர்த்துவிடுவேன். அந்தக் கமிட்டில் குறிப்பு எழுதினேன், நீளமாக, அவள் பெயரைச் சொல்லாமல் அவள் கதையை எழுதி, இந்த வரியை யாரும் எடுக்கக்கூடாது என்று எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான் மறுபடி அவளிடம் போனேன். புது நம்பர் வாங்கியிருந்தாள். வீட்டுக்காரர், அம்மா, அங்கன்வாடி மேடம், இவர்களுக்கு மட்டும்தான் தெரியும். "நீங்க சொன்னா குடுக்கேன்க்கா" என்றாள். இனிமேல் ஒருத்தனுக்கும் தெரியாது, நான் பொறுப்பு என்றேன். வீட்டுக்காரரும் பக்கத்தில் நின்றார், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். அந்த நம்பரை என் கையால் சைட்டில் ஏற்றினேன். நான் பொறுப்பு என்று ஒரு வீட்டு வாசலில் நின்று சொல்லியிருக்கிறேன், இங்கே எனக்குக் கதவே திறக்கவில்லை. அந்த வரி இருக்கிறதா, இல்லையா.

இருக்கும். ஏன் எடுக்கப்போகிறான். நாதன் கெட்டவன் இல்லை, அதுதான் இதில் பெரிய தொல்லை, கெட்டவன் என்றால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியும். இவன் சிரித்தமுகம், அக்கா அக்கா என்பான், அப்பாவுக்கு எப்படி இருக்கு என்று கேட்பான். அவன் தங்கை கல்யாணத்துக்குப் போய் மொய் எழுதிவிட்டு வந்திருக்கிறேன். எடுத்திருக்கமாட்டான். ஆனால் கட்டைவிரல். இருக்கிறது என்று ஒரு வார்த்தை அடிக்க எவ்வளவு நேரம் ஆகும். இப்போது எழுந்து கேட்டால் என்ன. கேட்கலாம். கேட்டால் என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா. போஸ்டரில் பேர் வரலைன்னு அந்தம்மாவுக்குக் கடுப்பு, வரின்னு சாக்கு சொல்லுது. பெலிக்ஸ் ஓடிவந்து அக்கா அப்புறம் பேசிக்கிடலாம் என்பான். கல்லூரிப் பெண் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சென்னையில் இப்படித்தான், நான் ராப்பகலாக எழுதியதை மேனேஜர் கிளையண்டிடம் நம்ம டீம் செய்தது என்பார், டீம் என்று சொல்லும்போது கையைத் தன் நெஞ்சில் வைத்துக்கொள்வார். அன்றைக்குக் கேட்டதற்கு, பெயருக்கு அலைகிறாள் என்றார்கள். பெயருக்கு அலைந்தால் என்ன தப்பு. ஆண்கள் அலையவில்லையா. பெயர் இல்லாமலா போஸ்டர் அடித்திருக்கிறான். வேண்டும்தான், என் பெயர் எனக்கு வேண்டும்தான், நான் பெற்றதற்கு வேறு ஒருத்தன் அப்பா அம்மா இரண்டும் ஆகிக்கொள்வதைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டு பொன்னாடை போர்த்த நான் என்ன மரக்கட்டையா. இதோ, மறுபடியும் பெயருக்கே வந்துவிட்டேன். வரியைத்தான் நினைக்கவேண்டும். வரியை நினைத்தால் பெயர் வருகிறது, பெயரை நினைத்தால் வெட்கம் வருகிறது, வெட்கம் வந்தால் வாய் திறக்கவில்லை, வாய் திறக்காவிட்டால் வரி இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. என் வீட்டுக்காரர் காலையில்கூட, "உனக்கெதுக்கு இந்தத் தலைவலி, சம்பளமா தாரான்?" என்றார். அவருக்குப் பதில் சொல்லக்கூட எனக்கு இன்று பொறுமை இல்லை.

கை தட்டுகிறார்கள். எதற்கு. திரையில் கமிட் பட்டியல், அதில் ஒரே ஒரு வரி இருக்கிறது. 'முதல் பதிப்பு, குற்றாலநாதன்.' அவ்வளவுதான். நாதன் பெருமையாகச் சிரிக்கிறான். "பழைய புராஜெக்ட்ல ஏகப்பட்ட கமிட் கெடந்துச்சு. ஒவ்வொண்ணுக்கும் கத கதயா மெசேஜ் வேற. பாக்கவே குப்பையா இருந்துச்சு. எல்லாத்தையும் சேத்து ஒரே கமிட்டா ஆக்கிட்டேன். இப்பப் பாருங்க, எவ்வளவு நீட்டா இருக்குன்னு." குப்பை. நான் உட்கார்ந்து எழுதிய ஒவ்வொரு ஏன் என்பதும் குப்பை. கொஞ்சம் முன்னால்தான் இதே வாய் வரலாறு பொய் சொல்லாது என்றது. பொய் சொல்லாதுதான், வாயையே மூடிவிட்டால் அது எங்கே பொய் சொல்லும். என் லேப்டாப்பில் பழைய பிரதி முழுசாக இருக்கிறது, அழிந்தது ஒன்றும் இல்லை, ஆனால் அது என் பையில் கிடந்து என்ன பயன், ஊருக்கு ஓடப்போவது அவனுடையது. என் காது சூடாகிறது. எழுந்து போய்விடலாமா. பொன்னாடையை நாற்காலியில் போட்டுவிட்டு நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்த் தண்ணீர் பாட்டில் ஒன்று வாங்கிக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். போனால் வரி தெரியாது. உட்கார்ந்திருக்கிறேன். இவ்வளவு கோபத்தையும் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க முடிகிறதே, அதுதான் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

"இப்ப லைவ் பண்ணப்போறோம்" என்கிறான். ஒரு பட்டனை அழுத்துகிறான். திரையில் ஒரு வட்டம் சுற்றுகிறது. சதுரமான ஒரு புள்ளிக் கோலம் வருகிறது, எல்லாரும் போனைத் தூக்குகிறார்கள், ஸ்கேன் செய்தால் சைட் திறக்குமாம். முன்வரிசையில் வரிசையாகப் போன் வெளிச்சம். நானும் தூக்கினேன். படம் பிடிபடவில்லை, கல்லூரிப் பெண், "தாங்கக்கா, நான் எடுத்துத் தாரேன்" என்று வாங்கி ஒரு நொடியில் திறந்து கொடுத்தாள். வண்ணம் நன்றாகத்தான் இருக்கிறது. பட்டன் வட்டம். தேடு என்று ஒரு பெட்டி. டவர் இல்லை, என் போனில் வட்டம் சுற்றுகிறது. திரையில் நாதன் தேடுகிறான். "கஷ்டமான குரூப்பா ஒண்ணு தேடிக் காட்டுதேன்" என்கிறான். ஏ நெகட்டிவ் என்று அடிக்கிறான். வேறு குரூப்பே இல்லையா என்று மனசு கத்துகிறது, ஓ நெகட்டிவ் அடி, ஏபி அடி, எதையாவது அடி. அடித்துவிட்டான். பட்டியல் வந்தது. பெரிய எழுத்தில், சுவர் அகலத்துக்கு, கடைசி ஆளுக்கும் தெரிகிற மாதிரி. 'ஜான்சிராணி, தச்சநல்லூர்.' அதற்குப் பக்கத்தில் பத்து இலக்கங்கள். பச்சை நிறத்தில் ஒரு போன் படம், அதை அழுத்தினாலே போய்விடுமாம். என் கையால் ஏற்றிய நம்பர்.

எழுந்துவிட்டேன். எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்ததாக ஞாபகம் இல்லை. பொன்னாடை எங்கே விழுந்தது என்று தெரியாது. "நாதன்" என்றேன். மைக் இல்லாமலே ஹால் முழுக்கக் கேட்டது.

"அக்கா, கொஸ்டின்ஸ் கடைசில எடுத்துக்கிடலாம்."

"கேள்வி இல்ல. பொம்பளைங்க நம்பர் தெரியுது. சைட்டை நிறுத்துங்க."

எல்லாரும் திரும்பினார்கள். நான் நினைத்தபடியேதான், பெலிக்ஸ் நாற்காலிகளுக்கு நடுவில் வளைந்து வளைந்து ஓடிவருகிறான். வரட்டும். வெட்கம் எங்கே போனது என்று தெரியவில்லை. நாதன் திரையைத் திரும்பிப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நிஜமாகவே புரியாத முகம்.

"டோனர் நம்பர்தானக்கா. நம்பர் தெரியலன்னா எப்படிக் கூப்பிடுவாங்க?"

"அதை மறைக்க ஒரு வரி இருந்துச்சு. என்ன ஆச்சு?"

"அதுவா. ஒரு கண்டிஷன் இருந்துச்சு. லேடீஸ்னா காட்டாதன்னு. எதுக்குன்னே வெளங்கல, ரத்தத்துல என்ன ஆம்பள பொம்பளன்னு எடுத்துட்டேன். ஈக்குவாலிட்டிதானக்கா." முன்வரிசையில் ஒருவன் சிரித்தான்.

"எதுக்குன்னு எழுதியிருந்தேன். அந்தக் கமிட்லயே எழுதியிருந்தேன்."

"அதான் மெசேஜ் எல்லாத்தையும் ஒண்ணாக்கிட்டேன்லாக்கா" என்றான், மெதுவாக. சொல்லும்போதே அவனுக்குக் கொஞ்சம் புரிந்திருக்க வேண்டும், குரல் கடைசியில் இறங்கியது. ஆனால் மைக் கையில் இருக்கிறது, ஊர் பார்க்கிறது, உடனே நிமிர்ந்துகொண்டான். "சரிக்கா. ஒரு இஷ்யூ போட்டு விடுங்க. திங்கக்கெழம நானே பாக்கேன்."

இஷ்யூ போடு. எங்கள் ஆட்களுக்கு இது ஒரு வியாதி. வீடு பற்றி எரிந்தாலும் குறை என்ன என்று எழுதிப் போடு, வரிசையில் வை, முன்னுரிமை என்ன, யார் பொறுப்பு. போடத்தான் எனக்கு அனுமதி இல்லையே, நீதானே எடுத்தாய். திங்கட்கிழமை வரை அவள் நம்பர் ஊர் பூராவும் கிடக்கும். இத்தனை நாள் இவனை வாங்க போங்க என்றுதான் பேசியிருக்கிறேன், வயதில் சின்னவன் என்றாலும் மேடையில் மரியாதை. அது என் வாயைவிட்டுப் போய்விட்டது.

"உன் தங்கச்சிக்கு என்ன குரூப்பு?" என்றேன்.

"அக்கா?"

"கல்யாணத்துல பாத்தேன்லா. அவ நம்பரைச் சொல்லு. முதல் பேரா அதைப் போடு. திங்கக்கெழம வரைக்கும் இருக்கட்டும்."

யாரும் சிரிக்கவில்லை. பெலிக்ஸ் என் பக்கத்தில் வந்து, "அக்கா" என்று ஆரம்பித்தவன் என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். நாதன் முகம் வெளுத்துவிட்டது. கையை நீட்டி மேஜைமேல் எதையோ அழுத்தினான். சுவர் சட்டென்று இருண்டது. ஜான்சிராணி பெயரும் அந்தப் பச்சைப் படமும் காணாமல்போயின. அப்பாடா என்று ஒருவன் நாற்காலியில் சாய்ந்தான், ஏதோ எல்லாம் முடிந்துவிட்ட மாதிரி. எனக்கு வந்த ஆத்திரத்தில் கண் இருட்டியது. ஹால் முழுக்க ஆள் ஆளுக்குப் போனில் அதே பட்டியல் திறந்து கிடக்கிறது, வெளியே உலகத்துக்கே திறந்து கிடக்கிறது, இவனுக்கு மறைக்கத் தோன்றியது இந்தச் சுவரைத்தான். அவள் மானம் போவதை நிறுத்தவில்லை, தன் மானம் போவதை நிறுத்துகிறான்.

"புரொஜக்டரை இல்ல" என்றேன். "சைட்டை."

முன்னால் போனேன். உட்கார்ந்திருந்தவர்கள் கால்களை ஒதுக்கி வழிவிட்டார்கள். அவன் லேப்டாப்பைத் திறந்து அடித்தான், நான் தோளுக்குப் பின்னால் நின்றேன். விரல் தப்பும் தவறுமாக விழுகிறது, அழிக்கிறான், மறுபடி அடிக்கிறான். சைட் நின்றது. 'பராமரிப்பில் உள்ளது.' பிறகு அந்த வரியை எழுதினான். எவ்வளவு சின்ன வரி. இதற்குத்தானா இவ்வளவும் என்று யாருக்கும் தோன்றும், அப்படித்தான் இவனுக்கும் தோன்றியிருக்கும். குறிப்பு எழுதும் பெட்டி வந்தது. யோசிக்கவேயில்லை, பழக்கதோஷம், 'மைனர் ஃபிக்ஸ்' என்று அடித்தான். சின்னத் திருத்தம்.

"அழி" என்றேன்.

"வேற என்னக்கா எழுத?"

"நான் சொல்லச் சொல்ல அடி. ஒரு பொம்பளை ரத்தம் குடுக்கப் பேரு குடுத்தா. அவ நம்பரை ஊருக்கெல்லாம் காட்டுனோம். ஒரு தடவ தெரியாமச் செஞ்சோம், ரெண்டாவது தடவ தெரிஞ்சிருக்க வேண்டியதைக் குப்பைன்னு எடுத்துட்டுச் செஞ்சோம். இனிமே இந்த வரியை எடுக்க நெனைக்கவன் மொதல்ல அவ வீட்டு வாசல்ல போய் நின்னு கேட்டுட்டு வந்து எடுக்கட்டும்."

"இவ்வளவுமாக்கா?"

"இவ்வளவும். கீழ என் பேரு. முழுப்பேரு."

அடித்தான். ஆவுடைச்செல்வி என்று அவன் விரல் தேடித் தேடி அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேண்டாம் பேர் எதற்கு என்று பெருந்தன்மையாகச் சொல்லலாமே என்று ஒரு நொடி வந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது. பின்வரிசையில் யாரோ கதவைத் திறந்தார்கள், வெயில் உள்ளே வந்து எல்லார் முகமும் தெரிந்தது. போனைக் கையில் வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக அதைக் குப்புற வைத்தார்கள். கல்லூரிப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாதன் ஏதோ சொல்ல வந்தான், சாரி என்றுதான் சொல்ல வந்திருப்பான், அதைக் கேட்க எனக்கு நேரமில்லை. ஜான்சிராணிக்குச் சொல்லவேண்டும், வேறு யாரும் சொல்வதற்கு முன்னால், தெரியாத நம்பரில் இருந்து வந்தால் எடுக்காதே என்று நான் சொல்லவேண்டும், கொஞ்ச நேரம்தான் வெளியே கிடந்தது என்று சொல்லவேண்டும், அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, முதலில் சொல்லிவிடுவோம். படிக்கட்டுக்கு வந்து அவளைக் கூப்பிட்டேன். மூன்றே பேருக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த நம்பர்.

நீங்கள் அழைக்கும் நபர் வேறொரு அழைப்பில் இருக்கிறார் என்று ஒரு பெண்குரல் நிதானமாகச் சொன்னது. மறுபடி போட்டேன். அதே குரல். மறுபடி போட்டேன்.